கதைக்குள் வைத்த குவார்ட்டர்

மார்ச் 3

முனிரத்தினம் அண்ணனைத் தோல் கம்பெனிதான் கொன்றது. கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே, முகமூடி கொடுக்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல், அடைப்பு எடுக்க உள்ளே இறக்கினார்கள். போன டிசம்பரில் நடந்தது. மறுநாள் பேப்பரில் நான்கு வரி வந்தது. அதில் அவர் பெயரும் தப்பு, வயதும் தப்பு. கம்பெனியின் பெயர் இல்லவே இல்லை.

இந்த ஊரில் இதை எழுத ஆள் கிடையாது. அதனால் நான் எழுதினேன். இன்று கதை அச்சாகி வந்துவிட்டது. தபால்காரர் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். தலைப்புக்குக் கீழே ‘தாழம்பேட்டை தீனா’ என்று என் பெயர். அதற்குக் கீழே சாய்வெழுத்தில் ‘உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது’ என்று போட்டிருக்கிறார்கள். நல்லதுதான்.

ஜமீல் பாயிடம் காட்டினேன். கடை அவருடையது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதுவது. நான்கு வருடமாக இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பாய் பக்கங்களைப் புரட்டினார். என் படம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

“இன்னா பா ரைட்டரே, இனிமே சினிமாவுக்குப் போயிடுவியா?”

“தெரியல பாய்.”

“போறதுக்கு முன்னாடி டோனர மாத்திட்டுப் போ. காலைலேர்ந்து எல்லாம் வெளுப்பா வருது.”

மாற்றினேன். கை முழுக்கக் கறுப்பு. அந்தக் கையோடு இதழைத் தொடக் கூடாது என்று சாயங்காலம் வரை தொடவில்லை.

மார்ச் 4

எதிர் வீட்டு அம்சாக்காவிடம் இதழைக் கொடுக்கவில்லை. அவருக்குப் படிக்க வராது. முனிரத்தினம் அண்ணன் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

மார்ச் 11

பட்டா மாறுதல் மனு, முதியோர் உதவித்தொகை மனு, காணாமல் போன ரேஷன் கார்டு. எல்லாரும் ‘ஐயா, நான் மேற்கண்ட முகவரியில்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எல்லாரையும் தாலுகா ஆபீசில் அதே மேசைக்கு மூன்று முறை திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்புகிறவன் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறான். நான் தூங்குவதில்லை. எழுத உட்கார்ந்தால் கண் எரிகிறது.

மார்ச் 15

இதழ் நடத்திய போட்டியில் முதல் பரிசு. என் கதைக்கு.

இதழின் ஆசிரியர் போனில் சொன்னார். ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி சென்னையில் விழா. கேடயம் கொடுப்பார்கள். அதோடு என் கதைகளைத் தொகுப்பாகப் போடுவது பற்றி ஒரு பதிப்பாளரிடம் பேசியிருப்பதாகவும், விழாவிலேயே அறிவிக்கலாம் என்றும் சொன்னார். இன்னொன்று: புதிதாக எழுத வருகிறவர்களுக்கு யோசனை சொல்லி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். ஏப்ரல் இதழில் வரும். “உங்க பாணியிலயே எழுதுங்க தீனா. சுத்தி வளைக்காம.”

அம்மா ஷூ கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னேன்.

“அதுக்கு இன்னா தருவாங்கோ?”

“கேடயம்.”

“அத எங்க வெக்கறது? டிவி மேல ஏற்கெனவே பல்லி கீது.”

பிறகு எழுந்து போய் முட்டை வாங்கி வந்து பொரித்தாள்.

மார்ச் 17

யோசனைப் பக்கத்தின் முதல் வரைவு. அடித்துத் திருத்தாமல் வந்தபடியே எழுதுகிறேன்.

எழுத நேரம் கிடைக்காது. கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதே. நான் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே குனிந்து போய் எழுதுகிறேன். முழுதாகத் தூக்கினால் யாராவது ஆதார் அட்டையோடு வந்துவிடுவார்கள். பாதி ஷட்டர்தான் எழுத்தாளனுடைய நேரம்.

வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று கிளம்பாதே. அப்பா வீட்டு நிலம் இருக்கிறவன் சொல்லிக்கொடுக்கிற வீரம் அது.

அரைப் பக்கம் போதும். ஆனால் தினமும் அரைப் பக்கம். மனநிலை வரவில்லை என்பவனிடம் எங்கள் தெருப் பெண்கள் மனநிலை பார்த்துத்தான் ஷிப்டுக்குப் போகிறார்களா என்று கேள்.

முதல் பத்தியை வெட்டிவிடு. அது நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

எழுதியதை வாய்விட்டுப் படி. மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியம் தப்பு.

திரும்பி வந்த கதையை அன்றைக்கே வேறு இடத்துக்கு அனுப்பு. மீனும் திரும்பி வந்த கதையும் வீட்டில் தங்கக் கூடாது.

ஏழையை நல்லவனாகவே எழுதாதே. அவனுக்கு ஒரு குறை கொடு. குறை இல்லாத மனிதனை வாசகன் நம்ப மாட்டான். (ஏலகிரியில் நடந்த எழுத்துப் பட்டறையில் விமர்சகர் பரிதி சார் எனக்குச் சொன்னது. என் கதையைக் காப்பாற்றியது இதுதான்.)

யாரும் உன்னை எழுதச் சொல்லவில்லை. அதனால் யாருடைய அனுமதியும் உனக்கு வேண்டாம்.

படித்துப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

மார்ச் 21

இன்று ஒருவர் கடைக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, வெளியே கார். கையில் என் கதை வந்த இதழ். மடித்த பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

“இந்தக் கதை மட்டும். ஆறு காப்பி போடுங்க.”

வழியில் போகிற ஒரு மனிதர், காசு கொடுத்து, நான் எழுதியதை ஆறு பேருக்குக் கொடுக்கப்போகிறார். பதினைந்து வயதிலிருந்து இதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

“சார், இது நான் எழுதினது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “தாழம்பேட்டை தீனா நீங்கதானா? சின்னப் பையனா இருக்கீங்களே. ரொம்ப இயல்பா எழுதியிருக்கீங்க. இந்த ஊர்ல நடந்ததுதானே?”

“ஆமா சார். எங்க எதிர் வீட்டுல.”

“எல்லாமே நடந்ததா? இல்ல கதைக்காகக் கொஞ்சம் சேர்த்ததா?”

“நடந்ததைத்தான் சார் எழுதுவேன். கற்பனை எனக்கு வராது.”

“கையெழுத்து போட்டுக் கொடுங்களேன், ஞாபகத்துக்கு.”

ஆறிலும் போட்டேன். ஒவ்வொன்றிலும் தேதியும் போட்டேன். நல்ல தாளாக எடுத்துப் போட்டேன், காசு வேண்டாம் என்றேன். பாய் கல்லாவிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஊருக்கெல்லாம் ஓசியில போட்டுக் குடு. கடைய வக்ஃபுக்கு எழுதி வெச்சிடறேன்.”

சந்தோஷமாக இருந்தது. நீண்ட நாளைக்குப் பிறகு.

மார்ச் 24

குழாயடியில் அம்சாக்கா நின்றிருந்தார். “தண்ணி எத்தினி மணிக்கு வந்துச்சுக்கா?” என்று கேட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாதிதான் நிரம்பியிருந்தது.

மார்ச் 26

கம்பெனிக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு அம்சாக்காவைக் கூப்பிட்டார்களாம். அம்மா சொன்னாள். அவருடைய மாமியாரும் கொழுந்தனாரும் கூடப் போயிருக்கிறார்கள். கம்பெனி கொடுப்பதாகச் சொன்ன நஷ்டஈடும் அம்சாக்காவுக்கு வேலையும் இப்போது கிடையாது என்கிறார்கள். ஏதோ கருணைத் தொகை தருகிறோம், ‘அவர் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து’ என்று எழுதியிருக்கிற தாளில் கையெழுத்து போடு என்கிறார்களாம்.

அயோக்கியர்கள். ஆளைக் கொன்றுவிட்டுக் கருணை என்று பெயர் வைக்கிறார்கள். இதையும் எழுத வேண்டும்.

“ஏன் திடீர்னு மாத்திப் பேசறாங்க?” என்று கேட்டேன்.

அம்மா தட்டைக் கழுவப் போனாள். அங்கிருந்தே, “நீ எழுதிக் கிழிச்சது போதும், துன்னுட்டுப் படு” என்றாள்.

மார்ச் 28

சங்கத்து ஜெயசீலன் தோழர் கடைக்கு வந்தார். தொழிற்சங்கத்தில் அம்சாக்காவின் விஷயத்தை எடுத்து நடத்துவது அவர்தான். பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டம் குறையும் வரை காத்திருந்தார். பிறகு ஒரு தாளை மேசை மேல் வைத்தார். என் கதை. என் கையெழுத்து. மார்ச் 21.

“இது உன் கையெழுத்துதானே தம்பி?”

“ஆமா.”

“பேச்சுவார்த்தையில ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்கோ. எனக்கு ஒண்ணு, அந்தப் பொண்ணு மாமியாருக்கு ஒண்ணு. மேனேஜரு எழுந்து நின்னு மூணாவது பக்கத்தப் படிச்சான். நல்லா ஏத்த எறக்கமா படிச்சான்.”

மூன்றாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் சின்னராசு (கதையில் அவர் பெயர் அது) கம்பெனி சுற்றுச்சுவருக்குப் பின்னால் போய் ஒரு குவார்ட்டரைத் தண்ணீர் கலக்காமல் குடிக்கிறான்.

அதை ஏன் வைத்தேன் என்று தோழரிடம் விளக்கினேன். குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் ஒரு மனிதனால் இறங்க முடியுமா என்று வாசகனைக் கேட்கிறேன். அது கம்பெனி மேல் வைத்த குற்றச்சாட்டு. கதையை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த யாருக்கும் அது புரியும்.

“அந்த ரூம்ல கத படிக்கத் தெரிஞ்சவன் யாரு தம்பி கீறான்?” என்றார் தோழர்.

“செத்தவர் குடிச்சிருந்தாலும் சட்டப்படி நஷ்டஈடு தரணும் தோழர். அதக் காட்டி நிறுத்த முடியாது.”

“எனக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். அவன் சட்டத்துக்காக அதப் படிக்கல. அந்தப் பொண்ணு தலைய குனியணும்னு படிச்சான். குனிஞ்ச தலை சீக்கிரம் கையெழுத்து போட்டுடும். மாமியாகாரி அங்கியே ஆரம்பிச்சிட்டா, ‘எம் புள்ளைய குடிகாரனாக்கிட்டியே, நீ சொல்லித்தான எழுதினான் எதிர் வூட்டுப் பையன்’னு.”

பிணப் பரிசோதனையின் ரசாயன அறிக்கை வந்தால் உண்மை தெரிந்துவிடுமே என்றேன். அது வர இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ என்றார். அடுத்த பேச்சுவார்த்தை ஏப்ரல் பதின்மூன்று காலையில். அதற்குள் நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுத் தர வேண்டும். குவார்ட்டர் என் கற்பனை, முனிரத்தினம் குடிக்கவில்லை என்று. முடிந்தால் நேரிலும் வர வேண்டும்.

“யோசிச்சு சொல்றேன் தோழர்.”

“இதுல யோசிக்க இன்னா கீது?”

மார்ச் 29

ஊரின் பெயரை மாற்றினேன். தெருவின் பெயரை மாற்றினேன். அண்ணன் பெயர், அக்கா பெயர், கம்பெனி பெயர் எல்லாம் மாற்றினேன். ஆனால் ஊருக்கு ஊர் எழுதுகிறவன் எல்லாம் செய்கிற மாதிரி, என் பெயருக்கு முன்னால் சொந்த ஊரை ஒட்டிக்கொண்டேன். தாழம்பேட்டையில் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர் ஒருவர்தான்.

மூக்கையும் எழுதிவிட்டேன். அண்ணனுக்குப் பெரிய மூக்கு. “என்னப் பத்தி எழுதினா எழுது, மூக்கு மட்டும் வேணாம்டா” என்று ஒருமுறை சொன்னார்.

ஏப்ரல் 1

கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 2

பரிதி சாருக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார். பரிசுக்கு வாழ்த்து சொன்னார். நடந்ததைச் சொன்னேன்.

“குறை வைக்கணும்னு சொன்னேன். குடின்னு நான் சொல்லலையே தீனா. குறட்டை விடுறவன்னு எழுதியிருக்கலாம், கோபக்காரன்னு எழுதியிருக்கலாம். கைக்கு முதல்ல வந்ததை எடுத்து வச்சிருக்கீங்க.”

“அவர் போட்டிருந்த ஐயப்பன் மாலையைக் கதையிலேர்ந்து எடுக்கச் சொன்னது நீங்கதானே சார்?”

“ஆமா, அது சொன்னேன். மாலை போட்ட ஆள் சாகிறது சினிமாத்தனமா இருந்தது.”

“அது உண்மை சார்.”

“உண்மைங்கறதுக்காகக் கதையில நம்பும்படி ஆயிடுமா?”

பட்டறையில் இதே வரியைச் சொன்னபோது எல்லாரும் குறித்துக்கொண்டோம். நான் அடிக்கோடும் போட்டேன். அவர் மேல் தப்பு. இப்படிப்பட்டவர்கள் மலை மேல் காற்று வாங்கிக்கொண்டு ஏழைக்கு என்ன குறை வைக்கலாம் என்று வகுப்பெடுக்கிறார்கள். கீழே இறங்கி வந்து பார்ப்பதில்லை.

ஆனால் அந்த அறையில் இருந்தவர்களில் அண்ணனைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஏப்ரல் 4

ஆசிரியரிடம் பேசினேன். ஏப்ரல் இதழில் ஒரு சிறு குறிப்பு போட முடியுமா என்று கேட்டேன். ‘இது முற்றிலும் கற்பனை’ என்று ஒரு வரி. இதழ் அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

“அந்த ‘உண்மைச் சம்பவம்’ங்கற வரிய நீங்க போட்டதால வந்த பிரச்சினை சார் இது.”

“நாங்க போட்டதா? கதையோட அனுப்பின கடிதத்துல நீங்கதானே கேட்டீங்க, கண்டிப்பா போடணும்னு. போட்டியில ரெண்டு பிரிவு இருந்தது தீனா. கற்பனைக்கு ஒண்ணு, நேர்ல கண்டதுக்கு ஒண்ணு. நீங்க அனுப்பினது ரெண்டாவதுக்கு. பரிசும் அதுக்குத்தான்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“முக்கியமான இடமே பொய்னு நீங்களே எழுதிக் கொடுத்தா நடுவர்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? பரிசை ரத்து பண்ணணும். தொகுப்பு பத்தி அப்புறம் யார் பேசுவா? உங்க எதிர்காலத்துக்காகச் சொல்றேன். ஒரு பத்து நாள் அமைதியா இருங்க. விழா முடியட்டும்.”

அவர் என்னை மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அலுப்பாக இருக்கிறது.

யோசனைப் பக்கத்திலிருந்து ஒரு வரியை, அந்தக் குறை பற்றிய வரியை, எடுத்துவிட முடியுமா என்று கடைசியில் கேட்டேன். சிரித்தார். “அதுதான் இருக்கறதுலயே நல்ல வரி. பெட்டி கட்டிப் போட்டிருக்கோம்.”

ஏப்ரல் 7

அம்சாக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவருடைய மகள் யாமினி, ஒன்பதாவது படிக்கிறாள், ஒரு மூலையில் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

“அதுதான் படிச்சிக் காட்டுச்சு,” என்றார் அக்கா. “மொத்தமும். குடிக்கற எடம் வந்ததும் நிறுத்திட்டு, ‘அம்மா, தீனாண்ணன் வேற யாரையோ எழுதியிருக்கும்மா’ன்னுச்சு. அப்புறம் மூக்கு வந்துச்சு.”

“அக்கா, நான் கம்பெனிய எதிர்த்துத்தான்...”

“இன்னாத்துக்குப்பா குடிக்க வெச்ச?”

எனக்குத் தெரிந்த எல்லாப் பதில்களும் இருந்தன. வாசகன், நம்பகத்தன்மை, பிரசாரம். ஒன்றையும் அந்த வாசலில் சொல்ல முடியவில்லை.

அவர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் உடம்போடு சேர்த்துக் கொடுத்தது. உள்ளே துளசி மணி மாலை. மணிகளுக்கு நடுவே இன்னும் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“கழுவ மனசு வரல. மாலை போட்டு வூட்ல தனியா படுத்தாரு. செருப்பு போடல. யாமினிக்குத் தீட்டுன்னா வூட்டுக்குள்ள வர மாட்டாரு, வெளியில ஒரு மொளகா பஜ்ஜி கூடத் துன்ன மாட்டாரு, குளிச்சிட்டுத்தான் மாலையத் தொடுவாரு. மாலையோட அந்தக் குழியில எறங்க மாட்டேன்னு அன்னிக்குச் சொல்லியிருக்காரு. எறங்கலன்னா நாளைலேர்ந்து வராதன்னு சொன்னாங்களாம். சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுகினு எறங்கினாராம். கூட இருந்தவங்க சொன்னாங்கோ. இத நீ எழுதல?”

எழுதியிருந்தேன். முதல் வரைவில் இருந்தது. பட்டறையில் படித்தபோது யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தார். அன்று மத்தியானமே வெட்டிவிட்டேன்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை.

“கொழுந்தனாரு கையெழுத்து போட்டுடு, மானம் போவுதுன்றாரு. நான் போடல. பதிமூணாந்தேதி வரிக்கும் போட மாட்டேன். நீ வந்து சொல்லு.”

“அன்னிக்குச் சென்னைல...”

“தெரியும். உங்கம்மா சொல்லிச்சு. கப்பு தராங்களாமே.”

ஏப்ரல் 9

இதழ் வந்தது. யோசனைப் பக்கம் நன்றாக அச்சாகியிருக்கிறது. நடுவில் பெட்டி கட்டி: ‘ஏழையை நல்லவனாகவே எழுதாதே. அவனுக்கு ஒரு குறை கொடு.’ இந்த முறை என் படமும் இருக்கிறது.

ஏப்ரல் 10

திருவண்ணாமலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் போன் செய்தான். அந்தப் பக்கத்தைப் படித்தானாம். அவன் மாமா செங்கல் சூளையில் வேலை செய்கிறவர், அவரைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறானாம். “அண்ணா, அவர் ரொம்ப நல்லவருண்ணா. என்ன குறை வைக்கலாம்?”

அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றான். அப்படியென்றால் அவரிடமே படித்துக் காட்டு என்றேன். அவனுக்கு ஏமாற்றம். பெரிதாக எதையாவது எதிர்பார்த்திருப்பான்.

இன்று எழுதினால் பக்கம் வேறு மாதிரி இருக்கும். பாதி ஷட்டரை அப்படியே விட்டுவிடுவேன். அரைப் பக்கத்தையும் மீனையும் விட்டுவிடுவேன். அவை பொய் இல்லை. யார் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன்: தினமும் எழுது, வேலையை விடாதே, வெட்ட வேண்டியதை வெட்டு. ஆனால் எதை வெட்டுகிறாய் என்று ஒரு முறை திரும்பிப் பார். சிரித்தார்கள் என்பதற்காக வெட்டாதே. உனக்குக் கூச்சமாக இருந்த இடம்தான் ஒருவேளை நீ பார்த்த இடம். செத்தவனின் வாயில் எதையும் ஊற்றாதே. அவனால் துப்ப முடியாது.

இதை எந்த இதழுக்கு அனுப்புவது?

ஏப்ரல் 12

அம்மா நாளைக்கான சட்டையைத் தேய்த்துக் கொடியில் மாட்டியிருக்கிறாள். சென்னை பஸ் ஆறரைக்கு. பேச்சுவார்த்தை பதினோரு மணிக்கு.

மத்தியானம் கடையில் கூட்டம். சனிக்கிழமையானால் சர்டிபிகேட் காப்பி எடுக்கப் பிள்ளைகள் குவிந்துவிடுவார்கள். அம்சாக்கா வந்தார். வரிசையில் நின்றார். முன்னால் போகச் சொல்லி யாரோ வழிவிட்டார்கள், போகவில்லை. தன் முறை வந்ததும் என் மேசைக்கு எதிரே இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒரு மனு எழுதணும்.”

“யாருக்குக்கா?”

“நீ டைப் பண்ணு. நான் சொல்றேன்.”

பாய் மிஷினை நிறுத்தினார். பெரிய மிஷின் நின்றதும் கடை முழுக்க விசிறிச் சத்தம்தான்.

“‘தாழம்பேட்டை தீனாவாகிய நான்’னு போடு.”

என் கை விசைகள் மேல் இருந்தது. நான்கு வருடமாக எதிரே உட்காருகிறவர் சொல்வதை அடித்துப் பழகிய கை. அது அடித்தது.

“‘எங்க எதிர் வூட்டு முனிரத்தினம் அண்ணனப் பத்தி ஒரு கத எழுதினேன். அதுல அவரு குடிச்சாருன்னு எழுதினது பொய். அவரு அன்னிக்கு மாலை போட்டிருந்தாரு. அத நான் பார்த்தேன். பார்த்தும் எழுதல.’ ஆச்சா?”

“ஆச்சு.”

“‘ஏன் எழுதலன்னு அவரு பொண்டாட்டி கேட்டா. பதில் சொல்லல.’ அதையும் போடு.”

“அக்கா, மனுவுல அதெல்லாம்...”

“போடு.”

போட்டேன். வெளியே நின்றிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் ஏதோ கேட்க வாயெடுத்தான், பாய் அவனைக் கையால் அமர்த்தினார்.

“படிச்சிக் காட்டு.”

வாய்விட்டுப் படித்தேன். எல்லாம் சின்ன வாக்கியங்கள். எங்கேயும் மூச்சு முட்டவில்லை. நான் எழுதியதில் இவ்வளவு சுத்தமாக எதுவும் வந்ததில்லை என்று தோன்றியது. அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது, இதை எழுதிவைக்க வெட்கமாக இருக்கிறது.

“காப்பி எடு.”

எடுத்தேன். தாள் சூடாக வந்தது. அவர் அதை வாங்கி, எழுத்து தெரியாதவர் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே பார்த்தார். அடியில் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். தாளை என் பக்கம் திருப்பினார். மேசை மேல் நூலில் கட்டித் தொங்குகிற பேனாவை இழுத்து என் கையில் கொடுத்தார்.

“தோழர் வரலியாக்கா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“அவரு எதுக்கு? இது உனக்கும் எனக்கும்.”

“நாளைக்கு சாயந்தரம் வந்ததும்...”

“சாயந்தரம் நான் இன்னா பண்ணுவேன் அத வெச்சிகினு?”

பாய் என்னைப் பார்க்காமல் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கம்பெனிக்காரனுக்கு ஆறு காப்பியிலயும் போட்டுக் குடுத்தியாமே,” என்றார் அம்சாக்கா. குரலை உயர்த்தவில்லை. “எனக்கு இந்த ஒண்ணுல போடு.”